யாரைப் பார்த்து ‘குவாப்பா’?

செவில் நகரத்து மாடி வீட்டில், அனெலி தன் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். பின்லாந்திலிருந்து வந்து கற்றுக்கொண்ட அரைகுறை ஸ்பானிஷில் மாமியாரிடம் நியாயம் கேட்டாள்.

“‘குவாப்பா’ன்னா அழகிதானே அத்தை? உங்க பிள்ளை குர்ரோ என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.”

“இதுக்கா பெட்டி கட்டினே?” பாலில் ஊறிய ரொட்டித் துண்டுகளைப் பொரித்தபடியே கேட்டாள் என்கார்னா. “மீன்காரன் என்னை தினமும் அப்படித்தான் கூப்பிடுறான். என் மூஞ்சியப் பாத்தா சொல்றான்? சும்மா, ‘என்னம்மா’ங்கிற மாதிரிடி.”

“நேத்து தெருவுல ஒருத்தியப் பாத்து, ‘குவாப்பா, குவாப்பா’ன்னு தொண்டை கிழியக் கத்தினார். அழுதார். நான் பக்கத்துலயே நிக்கிறேன்!”

என்கார்னா சிரித்தாள். “அவளப் பாத்தா அழத்தான் செய்வான். அவங்கப்பன் மட்டும் என்ன? எனக்குப் பிரசவ வலி, அந்த ஆள் அவ பின்னாடி போயிட்டான். நானும்தான் கத்துவேன். பல்லக்குல வர்ற மாதா சிலையப் பாத்து யாராவது பொறாமைப்படுவாங்களா?”

“சிலைதான். ஆனா அந்தப் பச்சை அங்கியப் பாத்து அவ்வளவு உருகணுமா?”

“பச்சையா?” கரண்டி நின்றது. “நம்ம மாதாவுக்கு நீலம். அவ ஊர்வலமே நாளைக்குத்தான். பச்சை, நம்மகூடப் போட்டி போடுற ஆத்துக்கு அக்கரைக்காரங்க மாதா.”

“ஆமா, பாலத்துகிட்டதான் நின்னோம்.”

என்கார்னா அடுப்பை அணைத்தாள். வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, மருமகளின் உடைகளைக் கட்டிலில் கொட்டினாள். மகனின் சட்டைகளை அதற்குள் திணித்தாள்.

“நீ இரு, குவாப்பா. போக வேண்டியவன் அவன்தான்.”