ஜிப் திறக்கும் சத்தம்

பீரோவின் மேல் ஜிப் உறை போட்ட வேதப்புத்தகமும் ஒரு பிரம்பும் அருகருகே கிடந்தன. எப்சிபா பொய் சொன்னாலோ தம்பியைக் கிள்ளினாலோ அப்பா இரண்டையும் சேர்த்தே எடுப்பார். முதலில் ஜிப்பைத் திறந்து, அந்தத் தப்புக்கென்று ஒரு வசனம் வாசிப்பார். வாசித்து முடித்ததும் அவள் கையை நீட்ட வேண்டும்.

"பிள்ளை ஒழுங்கா வளருது. எல்லாம் நம்ம ரெண்டு பேராலதான்" என்றது பிரம்பு.

"என்னைச் சேர்க்காதே" என்றது புத்தகம். "எனக்குள்ளே ஒரு மேய்ப்பன் இருக்கான். காணாமப்போன ஒத்தை ஆட்டுக்காக மலையெல்லாம் அலையுறவன். அவனை இன்னும் அவளுக்குத் தெரியாது."

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? பயம் வந்துட்டா புத்தி தானா வந்துடும்."



ஒரு நாள் அந்தப் பிரம்பு எப்சிபாவின் கையிலேயே பட்டு ஒடிந்தது. அம்மா இரண்டு துண்டுகளையும் பொறுக்கி எடுத்துப்போய் அடுப்பில் வைத்தாள். இனிமேல் தனக்கு நல்ல காலம்தான் என்று புத்தகம் நினைத்தது.

மறுநாள் சாயங்காலம் அம்மா புத்தகத்தோடு பாயில் உட்கார்ந்தாள்.

"வாம்மா, ஆட்டுக்குட்டி கதை வாசிக்கிறேன்."

எப்சிபா ஓடிவந்து மடியில் சாய்ந்துகொண்டாள். புத்தகம் அந்தப் பக்கத்தைக் காட்டத் துடித்தது. அம்மா ஜிப்பை இழுத்தாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் எப்சிபா எழுந்து நின்றாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டினாள்.