இரண்டாவது பித்தளைப் பலகை

பேராசிரியர் பத்ரி எழுதித் தந்த சீட்டை, தாராவியில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கும் ஜெயினுலாப்தீன் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எமெரிட்டஸ்னா என்ன ஸார்?"

"லத்தீன். ஊழியத்தை முழுசா முடிச்சு, கௌரவமா விடைபெற்றவன். முதல்ல ரோமாபுரிச் சிப்பாய்களுக்குச் சொன்னது."

"பொம்பளையா இருந்தா?"

"எமெரிட்டா. ஏன், லேடி ப்ரொஃபஸர் யாராவது ஆர்டர் குடுத்திருக்காளா?"

"ஒரு பலகை செய்யணும் ஸார்."

சனிக்கிழமை இரண்டு பலகைகளும் தயாராக இருந்தன. இரண்டாவதில், 'ஹாஃபிஸா, எமெரிட்டா'.

"இவா எந்தக் காலேஜ்?"

"உங்க காலேஜ்தான். முப்பது வருசமா உங்க ரூமைப் பெருக்குனாள்லா, என் வீட்டுக்காரி. நேத்து ரிட்டையர் ஆயிட்டா. ஒரு மாலைகூடப் போடல ஸார்."

அத்தனை வருடமும் பத்ரி அவளை, பம்பாயில் எல்லா வேலைக்காரிகளையும் கூப்பிடுவதுபோல, 'பாயி' என்றுதான் கூப்பிட்டிருந்தார். பெயரை இன்றுதான் படித்தார்.