கட்டுப்பாட்டுக் குழு

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரி என்றால் யாருக்கும் பயமே இல்லை. சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி கத்துகிறார்கள். பெரியவருக்கு எரிச்சலாக இருந்தது.

புது மூட்டுவலி மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியில் அவரும் சம்பந்தியும் சேர்ந்திருந்தார்கள். இன்று கடைசி நாள். யார் எந்தக் குழு என்று நர்ஸ் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

"நீங்க சோதனைக் குழு, சம்பந்தி. உங்களை எலி மாதிரி வச்சுப் பார்த்திருக்காங்க. நான் கட்டுப்பாட்டுக் குழு. ஆளைப் பார்த்துத்தானே பொறுப்பைக் கொடுப்பாங்க?"

"எனக்கு வலி அப்படியேதான் இருக்கு," என்றார் சம்பந்தி.

"எலிக்கு எப்படிக் குறையும்?" என்ற பெரியவர், எதிரே போனில் கத்திக்கொண்டிருந்தவனைப் பார்த்துக் கைத்தடியைத் தரையில் தட்டினார். "தம்பி, போனை வை. நான் கட்டுப்பாட்டுக் குழு."

அவன் பயந்துபோய் வைத்துவிட்டான்.

இருவரும் உள்ளே போனதும் பெரியவரே ஆரம்பித்தார். "டாக்டர், எனக்கு வலி போயே போச்சு. அந்த மாத்திரையையே தொடர்ந்து கொடுங்க."

டாக்டர் தயங்கினார். "ஐயா, கட்டுப்பாட்டுக் குழுன்னா, மருந்து கொடுக்காம ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்கு வச்சிருக்கிறவங்க. நீங்க சாப்பிட்டது வெறும் மாவு மாத்திரை."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல மருந்தைப் பதுக்கறதுக்கு இப்படி ஒரு கதையா? மாவுல வலி போகும்னா மாவு மில்லுக்காரன் எப்பவோ டாக்டர் ஆகியிருப்பான்."

எழுந்து விடுவிடுவென்று வெளியே நடந்தார். அவர் விட்டுவிட்டுப் போன கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சம்பந்தி நொண்டி நொண்டிப் பின்னால் போனார்.