எங்க டேபிள்

"எங்க டேபிள்ல உக்கார உனக்கு எவ்ளோ தைரியம்டா?"

தட்டோடு எழுந்த மாசிலாமணியின் நெஞ்சில் தணிகைவேல் ஓங்கி உதைத்தான். சோறு தரையெல்லாம் சிதறியது. விழுந்தவனின் முடியைப் பிடித்துத் தூக்கி, தலையை மேசை விளிம்பில் இடித்தான். இரண்டு பேர் அவன் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, தணிகைவேல் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினான்.

"இனிமே இங்க உக்காருவியா?"

"நானும் இதே ஹாஸ்டல்தான்."

பெல்ட் சுழன்றது. பக்கிள் பட்டு உதடு கிழிந்தது. ரத்தம் சட்டையில் சொட்டியது. மறுபடி அடித்தான். மாசிலாமணி மண்டியிட்டுச் சரிந்தான்.

விளக்கு அணைந்தது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

பல்கலைக்கழகத்தின் சமத்துவ வார நாடகப் போட்டியில், அதே நாடகத்துக்கு மூன்றாவது ஆண்டாக முதல் பரிசு.

மேடைக்குப் பின்னால், அந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த பேராசிரியை கார்குழலி, மாசிலாமணியின் உதட்டில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

"என்னப்பா, நெசமாவே அடிச்சிட்டியே?"

"அவனுக்குப் பழக்கம்தான் மேடம். மூணு வருஷமா அவன்தான வாங்குறான்." கோப்பையைத் துடைத்துக்கொண்டே தணிகைவேல் சிரித்தான்.

"அடுத்த வாரம் காந்தி திடல்ல போடும்போது வேஷத்த மாத்திக்குங்க. அவன் அடிக்கட்டும், நீ வாங்கு."

சிரிப்பு நின்றது. மாசிலாமணி பஞ்சைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தான். தணிகைவேல் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்ன மேடம் பேசுறீங்க? நாடகமாவே இருந்தாலும், அவன் எம்மேல கை வைக்கலாமா?"