பத்து நிமிஷ இருட்டு

"பாத்தியாம்மா? இன்னைக்கும் அதே வளைவு, அதே பத்து நிமிஷம்!"

மகன் ராம்பிரசாத் நீட்டிய போனில் ஒரே இருட்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புக்குள் அவன் மாட்டிய கேமரா அது. தினமும் சாயங்காலம் மலையிறங்கும்போது, டிரைவர் ராமர் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி, கேமரா மேல் துண்டைப் போட்டுவிடுகிறான்.

"ஏலக்காயைத்தான் திருடி இறக்குறான். நாளையோட ஆளை நிப்பாட்டிரு."

தோட்டத்து முதலாளி சுந்தரம்மாளால் நம்ப முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் ஓட்டியவன். கூப்பிட்டுக் கேட்டாள்.

"அதை மட்டும் கேக்காதீக ஆத்தா. வேணும்னா சாவியை வாங்கிக்கங்க."

ரெண்டு பொம்பளப்பிள்ளைக்குத் தகப்பன். வேலை போனால் என்ன செய்வான்? அப்படியிருந்தும் என்ன வீம்பு?

மறுநாள் அவளே தோட்டத்துக்குக் கிளம்பினாள். போன மாசம் காய்த் திருட்டுக்குப் பயந்து மாட்டிய கேமராக்கள், போகிற பக்கமெல்லாம் முழித்துக்கொண்டு நின்றன. சாயங்காலம் ஜீப்பின் முன்சீட்டில் ஏறியவள், வழி நெடுக இருப்புக்கொள்ளாமல் நெளிந்தாள். இவன் திருடனாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

வளைவு வந்தது. ஜீப்பு நின்றது.

ராமர் கேமரா மேல் துண்டைப் போட்டான். பாட்டைச் சத்தமாக வைத்தான். இறங்கிப் போய், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

பின்னாலிருந்து தோட்ட வேலைக்கு வந்த எட்டுப் பெண்களும் குதித்துப் புதர்ப்பக்கம் ஓடினார்கள். சுந்தரம்மாள் இறங்கி, கடைசியாக ஓடிய சந்திரவல்லியின் கையைப் பிடித்தாள்.

"நில்லுடி! மடியில என்ன?"

"அய்யோ, விடுங்க ஆத்தா, வெரசா போகணும்! காலைல இருந்து அடக்கிக்கிட்டு இருக்கோம். தோட்டத்துல நாங்க ஒதுங்குற எடத்துக்கெல்லாம் கேமரா வச்சுட்டீகள்ல? அம்புட்டும் உங்க மகன் போனுல தெரியுமாமே!"

சுந்தரம்மாளின் கை தானாக விட்டது.

"இதைச் சொல்றதுக்கு என்னப்பா, ராமரு?"

அவன் திரும்பவில்லை. "எந்த வாயால சொல்ல ஆத்தா? சொன்னா இந்த எடமும் தெரிஞ்சு போகும். நாளைக்கு இங்கயும் ஒண்ணு மாட்டிட்டா?"

போன் அடித்தது. மகன்தான்.

"அம்மா, இருட்டாயிருச்சு! பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன். நீ மொதல்ல அந்தப் போனை அமத்தி வை."

சேலைக் கொசுவத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு, அவளும் புதரைப் பார்த்து நடையை எட்டிப் போட்டாள்.

"ராமரு, துண்டை எடுத்துறாதப்பா. நானும் காலைல இருந்து அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்!"