ஒரு வித்தியாசமும் இல்லை

கணக்கை முதல் தடவை ஓட்டியபோது கட்டளையில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. மென்பொருள் சிவப்பு எழுத்தில் அவள் மூக்கை உடைத்தது.

"என்ன தொள்ளாயிரம், நீயே தப்பு பண்ணினா நாங்கல்லாம் எங்க போறது?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

தொள்ளாயிரம் என்பது அவளுடைய வீட்டுப் பெயர். அவள் அப்பா போனில் பேசினால் ஸ்பீக்கரே வேண்டாம், அறை முழுக்கக் கேட்கும். அப்படித்தான் அந்தப் பெயர் ஆஸ்பத்திரியின் புள்ளிவிவரப் பிரிவுக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண்ணாக இருக்கும் என்று இவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். அவளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

இன்று காலையிலிருந்து அப்பா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவள் எடுக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தா எடுக்க முடியும்?

அடைப்புக்குறியைச் சரிசெய்வதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டார். குழந்தைகள் பிரிவின் தலைவி. வார்டை விட்டு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர், தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

இருபத்தெட்டு வருடம் முன்பு, ஏழாம் மாதமும் எட்டாம் மாதமும் அவசரப்பட்டுப் பிறந்துவிடும் குழந்தைகளுக்கென்று தனி அறை கேட்டு வாங்கியவர் அவர். "பிழைச்சாலும் இதெல்லாம் தேறாது" என்று பெரிய பெரிய ஆட்களே முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். டாக்டரம்மா பதில் பேசவில்லை. அந்த அறையில் வளர்ந்தவர்களில் எண்பத்துநான்கு பேரைத் தேடிப் பிடித்து, அவரவருக்கு இருபது வயது ஆனபோது நினைவாற்றலுக்கும் யோசிக்கும் திறனுக்கும் ஒரு தேர்வு வைக்கச் செய்தார். மாதம் நிறைந்து பிறந்த எண்பத்துநான்கு பேருக்கும் அதே தேர்வு.

இப்போது அந்த மதிப்பெண்கள் திரையில் இருக்கின்றன. பெயர் கிடையாது. வரிசை எண், பிறந்தபோது இருந்த எடை, மதிப்பெண், அவ்வளவுதான். இரண்டு கூட்டத்தின் சராசரியையும் டி-டெஸ்டில் ஒப்பிட ஒரே ஒரு வரிக் கட்டளை போதும்.

டாக்டரம்மா கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கும் உள்ளங்கை வியர்த்தது. உனக்கு ஏன் வியர்க்கிறது என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

பொத்தானை அழுத்தினாள்.

முந்திப் பிறந்தவர்களின் சராசரி 71.4. மாதம் நிறைந்தவர்களின் சராசரி 71.9. பி மதிப்பு 0.74.

டாக்டரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. இந்த பி என்கிற சமாச்சாரம் 0.05-க்குக் கீழே வந்தால்தான் ஆராய்ச்சியில் ஏதோ கிடைத்ததாக அர்த்தம் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"அப்ப ஒண்ணும் தேறலையாம்மா?"

"எல்லாருமே தேறிட்டாங்க டாக்டர்."

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். அரை மதிப்பெண் வித்தியாசமெல்லாம் ஒரு வித்தியாசமா? ஒரே மாதிரிப் பிள்ளைகளைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கூட்டமாகப் பிரித்தாலும் இவ்வளவு வரும். உண்மையான வித்தியாசம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று கணக்கு கொடுக்கிற எல்லையும் நாலு மதிப்பெண்ணைத் தாண்டவில்லை. இவர்களையும் அவர்களையும் கலந்து நிற்க வைத்தால் யார் எவர் என்று யாராலும் பிரிக்க முடியாது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். முகத்தில் அப்படியொரு பெருமை. இருபத்தெட்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த பதில் அது, வைத்தவர்தானே ரசிக்க வேண்டும். அந்தப் பெரிய ஆட்களில் ஒருவராவது இந்நேரம் பக்கத்தில் இருந்திருக்கக்கூடாதா என்று அவளுக்கே ஆதங்கமாக இருந்தது. திரை பக்கம் திரும்பி இன்னொரு கட்டளையைத் தட்டினாள்.

"கீழ இன்னொரு தடவை ஓட்டியிருக்கியே, அது என்ன?"

"நாப்பத்தொண்ணாவது வரிசையை மட்டும் எடுத்துட்டுப் பார்த்தேன் டாக்டர். 0.72. அந்த ஆள் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"அதை ஏன் எடுத்த? தப்பா ஏதாவது பதிஞ்சிருக்கா?"

அவள் நாற்காலியைச் சற்றே நகர்த்தி வழிவிட்டாள். டாக்டரம்மா தானே குனிந்து நாற்பத்தொன்றாவது வரிசையைத் தேடினார். மதிப்பெண் 74. பிறந்தபோது எடை, கிராமில், 900.

"அட, இதுவா! இருக்கறதுலயே சின்னது இதுதான். உள்ளங்கைல ஏந்தினா மீதி இடம் இருக்கும். பதினோரு வாரம் வச்சிருந்தோம். இதோட அப்பா தினம் கண்ணாடிக்கு வெளிய நின்னு, எடை ஏறிச்சான்னு கேப்பாரு பாரு, வார்டே அதிரும்."

போன் மறுபடியும் அதிர்ந்தது.

"எடும்மா. யாரோ விடாம கூப்பிடறாங்க."

எடுத்தாள்.

"தொள்ளாயிரம்! மணி ரெண்டாகுது, சாப்பிட்டியா இல்லையா?"

அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போலச் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, அவளை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"அடிப்பாவி" என்றார். "ஒரு வித்தியாசமும் தெரியலையேடி!"