அக்காவின் தூக்கம்

"சார், நீங்களே வந்து பாருங்க. இன்னிக்கும் அக்கா தூங்குறாங்க."

குழுவில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் இப்படிக் கூப்பிட, மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். ஜன்னலோர மேசையில் கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, மடித்த கையில் தலை சாய்த்திருந்தாள் அவள். அந்தக் குழுவில் எல்லாருக்குமே அவள் அக்காதான். அவளைவிட மூத்தவர்களுக்கும்.

"சாப்பாட்டு நேரம்தானேப்பா?"

"அது முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு சார்! காலையில லேட்டு. மீட்டிங்ல கொட்டாவி. இவங்களைத்தான் டீம் லீடரா போடப்போறீங்கன்னு வேற பேச்சு அடிபடுது."

கடைசி வரியைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் கம்மியது. அந்த இடத்துக்கு அவனும் ஆசைப்பட்டிருந்தான்.

அது ஆம்புலன்ஸ் அனுப்பும் செயலியை நடத்துகிற அலுவலகம். உதவி கேட்டு வரும் அழைப்புகளை வாங்குகிற சர்வர்கள் அக்காவின் பொறுப்பு. பக்கத்தில் எந்த வண்டி இருக்கிறதென்று தேடி அனுப்புகிற சர்வர்கள் அவன் பொறுப்பு. எது மக்கர் பண்ணினாலும் உடனே பொறுப்பாளரின் போன் அலறும். ராத்திரி பகல் பார்க்காது.

"நான் சும்மா சொல்லல சார். இத்தனை மாசமா என் பக்கம் ஒரு பிரச்சினை உண்டா? என் போன் ஒரு தடவையாவது அலறியிருக்கா? வேலையை ஒழுங்கா செஞ்சா அது ஏன் சார் அலறப்போகுது?"

மேலாளர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாய்க்கு வந்ததைப் பேச வேண்டாம். அதுகிட்டயே கேட்டுடுவோம்."

'அது' என்றால் அந்த வாரம்தான் வேலைக்கு வந்த ஏஐ. முன்பெல்லாம் எந்த சர்வர் எப்போது திணறியது என்று தெரிய வேண்டுமானால், ஒரு ஆள் உட்கார்ந்து வரைபடம் வரைபடமாகத் துழாவ வேண்டும். இப்போது அதற்கென்று ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். பேசுகிற மாதிரி கேள்வியைத் தட்டினால் போதும். ஏஐ அந்தக் கருவி வழியாகக் கண்காணிப்புப் பதிவுகளைத் தானே தோண்டி எடுத்துப் பதில் சொல்லிவிடும்.

"தாராளமா கேளுங்க சார். அதுக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. உள்ளதைச் சொல்லும்."

'இந்த வருஷம் அதிகமாகத் திணறியது எந்தப் பகுதி?' என்று தட்டினார் மேலாளர்.

பதில் வந்தது. 'வண்டி தேடும் பகுதி. பெரும்பாலும் பின்னிரவில். ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களிலேயே சரிசெய்யப்பட்டுள்ளது. எந்த அழைப்பும் தவறவில்லை.'

அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "என் பகுதியா? மாத்திச் சொல்லுது சார். எனக்கு அலாரமே வரலியே!"

'எச்சரிக்கை யாருக்குப் போனது? சரிசெய்தது யார்?' என்று மறுபடி தட்டினார் மேலாளர்.

'இரண்டுக்கும் பதில் ஒருவரே. அழைப்புப் பகுதியின் பொறுப்பாளர்.'

அவன் எழுந்தே விட்டான்.

"பாத்தீங்களா சார்! என் அலாரத்தைத் தன் போனுக்குத் திருப்பிக்கிட்டிருக்காங்க! என் வேலையைத் தானே செஞ்ச மாதிரி காட்டிப் பேர் வாங்கத்தானே? இவங்களைப் போய் அக்கா அக்கான்னு கூப்பிட்டேன் பாருங்க!"

"பேர் வாங்கணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கணுமேப்பா? எனக்கே இப்பத்தான் தெரியுது." மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். "ஆனா தப்பு தப்புதான். உயிர் சம்பந்தப்பட்ட வேலை. கூப்பிடு அவங்களை."

அக்கா வந்தாள். கன்னத்தில் வளையல் தடம் அப்படியே பதிந்திருந்தது.

"அவரோட அலாரத்தை உங்க போனுக்குத் திருப்பினது நீங்களா?"

"ஆமா சார்." அவள் மறைக்கவில்லை. "உங்களைக் கேக்காம செஞ்சிருக்கக் கூடாது."

"எதுக்காகச் செஞ்சீங்க?"

அவள் தயங்கினாள். அவனைப் பார்த்தாள். சொல்லாமல் தப்பிக்க வழியில்லை என்று புரிந்தது.

"தம்பிக்குக் குழந்தை குறை மாசத்துல பொறந்துச்சில்ல சார்..."

"என் குழந்தைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சீறினான் அவன்.

"வீட்ல உன் சம்சாரத்துக்கும் உடம்பு முடியல. ராத்திரி பூரா நீதான் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்குற. விடிஞ்சா ஆபீஸ். ஒரு நாள் கையில கட்டோட வந்தியே, ஞாபகம் இருக்கா? வண்டி வழுக்கிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. வழுக்கல. ஓட்டும்போதே கண்ணசந்து சுவத்துல மோதிட்ட. பின்னாடி வந்த ஆட்டோவுல நான்தான் இருந்தேன்."

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"குழந்தைக்கு அப்பா வேணுமேன்னு அன்னிக்கே மாத்திட்டேன் சார். குழந்தை கொஞ்சம் தேறட்டும், பழையபடி திருப்பிடலாம்னு இருந்தேன்."

அவன் மெதுவாக உட்கார்ந்தான். குழந்தை எப்போதாவது கண்ணயர்ந்த நேரங்களில், அதை நெஞ்சில் போட்டபடியே அவனும் தூங்கிய தூக்கம் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்திலெல்லாம் வேறொரு வீட்டில் ஒரு போன் அலறிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா..." என்றான் அவன்.

வந்த கொட்டாவியைப் புறங்கையால் மறைத்துக்கொண்டே அக்கா கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா தம்பி?"